சாட்சிக் கூண்டில் என் குரல்

வக்கீல் அம்மாள் பென் டிரைவைத் தன் மடிக்கணினியில் செருகிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், பதறாமக் கேளுங்க. கேட்டுட்டு எங்கிட்ட உள்ளதைச் சொல்லணும். மறைச்சியள்னா நாளைக்குக் கூண்டுல நிக்கும்போது நான் ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கிடுங்க."

மறைக்க என்னிடம் எதுவும் இல்லை என்றேன். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று அரை நாள் விடுப்பில் வந்திருந்தேன். பக்கத்தில் என் கணவர். கீழே மருந்துக்கடை, மாடியில் வக்கீலின் அலுவலகம். ரோட்டில் டவுண் பஸ்கள் ஹாரன் அடித்தபடி இருந்ததால் அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு தம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம். ஒரு வயதான பெண் இருமினாள். அடுத்து வேறொரு பெண்ணின் குரல், சத்தமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக.

"எனக்கு வீடு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. நான் கேக்க மாட்டேன்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. யார் இது, இவ்வளவு கடுமையாகப் பேசுகிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் திரும்பினால் கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் குனிந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேசியது நான்.

வக்கீல் மறுபடியும் ஓட விட்டார். மூன்றாவது முறையும். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் வீடு வேண்டாம் என்றாள்.

"உங்க குரல்தானா?"

"என் குரல்தான்."

"சொன்னியளா?"

"தெரியலையே" என்றேன். அது பொய் இல்லை. எங்கே சொன்னேன், எப்போது சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று ஒன்றுமே பிடிபடவில்லை. முப்பது பேர் இருக்கிற வகுப்பில் எவள் எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாள் என்று ஒரு வாரம் கழித்தும் சொல்கிறவள் நான். என் வாயிலிருந்து வந்த பேச்சு எனக்கு நினைவில் இல்லை.

எங்கள் வழக்கு சாதாரணமானது. திருநெல்வேலி கோர்ட்டுகளில் இப்படி எத்தனையோ இருக்கும். டவுணில் மேலரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா வாங்கிய வீடு. அப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயில் எழுதாமலே இறந்துபோனார். நானும் அண்ணனும்தான் பிள்ளைகள். அண்ணன் ரத வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறான். அந்த வீட்டில் அவன் குடும்பமும் அம்மாவும் இருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறேன். பங்கு என்கிற பேச்சையே நான் எடுத்ததில்லை. அம்மா இருக்கிற வரை அந்த வீடு அப்படியே இருக்கும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

அப்பா போன மறுவருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் உன்னிடம் இருக்கட்டும் என்று அண்ணன் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். பத்து நாள் மாதங்களாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அம்மா என்னிடம் இருப்பது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு நாள் அண்ணன் ஒரு பத்திரத்தோடு வந்தான். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒருவரிடம் பேசி முடித்துவிட்டதாகவும், என் உரிமையை விட்டுக்கொடுக்கிற பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னான்.

"அம்மா இருக்கும்போது இடிக்கணுமா அண்ணே? பைய செய்வோமே."

"நீதான் வேண்டாம்னு அன்னைக்கே சொல்லிட்டியே."

"என்னைக்குச் சொன்னேன்?"

"உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் வீட்டின் பின்கட்டை இடித்துவிட்டார்கள். அம்மாவின் அடுப்படி இருந்த இடம் அது. நான் போய்ப் பார்த்தபோது கிணற்றடியில் செங்கல் குவிந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் வக்கீலைத் தேடிப் போனேன். இடிப்பதற்குத் தடை கேட்டும், பாகப் பிரிவினை கேட்டும் வழக்குப் போட்டோம். அண்ணன் முதல் பிரதிவாதி, அம்மா இரண்டாம் பிரதிவாதி. அம்மாவை எதற்கு என்று கேட்டேன். அவரையும் சேர்க்காமல் இந்த வழக்கு நிற்காது என்றார் வக்கீல்.

அம்மாவுக்கான சம்மன் என் வீட்டுக்கே வந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மா அதில் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். படிக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் என்னமும் அடிச்சுக்கிடுங்க. நான் எந்தப் பக்கமும் இல்ல" என்றாள்.

அண்ணன் தரப்பின் பதிலுரையில்தான் அந்தப் பதிவு வந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்தன்று குடும்பத்துக்குள் வாய்மொழியாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம், அதில் வீட்டைத் தங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள், அதற்கு அவள் குரலே சாட்சி என்று எழுதியிருந்தார்கள். பென் டிரைவோடு ஒரு சான்றிதழும் இணைத்திருந்தார்கள். மின்னணுப் பதிவு எதுவானாலும் எந்தக் கருவியில் எடுத்தது, எப்படி நகல் செய்தது என்று அதை வைத்திருப்பவரும் விவரம் தெரிந்த ஒருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டுமாம். கோப்புக்கென்று ஒரு நீளமான எண்ணும் அதில் இருந்தது.

"அது என்ன எண்?" என்று அன்று வக்கீலிடம் கேட்டேன்.

"கோப்போட கைரேகை மாதிரி டீச்சர். உள்ள ஒரு துணுக்கு மாத்தினாலும் இந்த எண் மாறிரும். நான் சரி பாத்துட்டேன், எண் சரியாத்தான் இருக்கு. இதுல கைவைக்கல."

"அப்போ நான் சொன்னது நிஜம்தானா?"

வக்கீல் அந்தச் சான்றிதழை மறுபடியும் புரட்டிப் பார்த்தார். ராதாபுரம் பக்கத்துக்காரர். எதையும் பட்டென்று சொல்லிவிடுகிறவர். அவர் தயங்கியது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"குரலை வச்சுப் பொய்யா ஒண்ணைச் செய்யவும் இப்ப வழி இருக்கு. ஆனா எனக்கென்னமோ இது நீங்க பேசினதுன்னுதான் படுது. இருமினது யாரு?"

"அம்மா."

"அப்போ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா? கேட்டுப் பாருங்களேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அப்பாவோட பதினாறு அன்னைக்கு நான் வீடு வேண்டாம்னு ஏதாவது சொன்னேனா அம்மா?

"எனக்கு என்ன ஞாபகம் இருக்கு? அன்னைக்கு எனக்கு உசுரே இல்ல" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கணவரை இழந்து பதினாறு நாளான ஒருத்தியிடம் அன்று யார் என்ன பேசினார்கள் என்று கேட்பதே தப்பு என்று தோன்றியது.

கூண்டில் ஏறிய அன்று அண்ணனின் வக்கீல் அந்தப் பதிவை ஓட விட்டார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். "இது உங்க குரல்தானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "உங்களை யாரும் மிரட்டிப் பேச வச்ச மாதிரி இருக்கா?" இல்லை என்றேன். "அவ்வளவுதான்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூண்டிலிருந்து இறங்கினேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. என் சொல்லே என்னைத் தோற்கடித்துவிட்டதென்றால் யாரை நொந்துகொள்வது என்று தெரியவில்லை.

என் வக்கீல் மட்டும் விடவில்லை. தம்ளர் வைக்கிற சத்தத்தில் ஆரம்பித்து, ஒரு வாக்கியம் முடிந்ததும் நின்றுவிடுகிறதே, மனிதர்கள் இப்படியா பேசுவார்கள், இதற்கு முன்னால் ஒரு பேச்சும் பின்னால் ஒரு பேச்சும் இருந்திருக்கும் என்றார். பதிவு செய்த போனையே நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும், அதை அரசு தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மனுப் போட்டார். அண்ணன் தரப்பில் பெரிதாக எதிர்க்கவில்லை. போன் சென்னைக்குப் போனது. பல மாதங்கள் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. அம்மா வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். என் கணவர் வாரம் தவறாமல் அவளை எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். நடக்கும்போது அம்மாவின் புடவைத் தலைப்பு வாக்கரில் சிக்கிவிடும். அதை எடுத்து அவள் இடுப்பில் செருகிவிடக்கூட அவர் பழகியிருந்தார்.

அறிக்கை வந்துவிட்டது, இன்று நீதிமன்றத்தில் திறக்கிறார்கள் என்று ஒரு நாள் காலையில் வக்கீல் போன் செய்தார்.

"என்ன வந்திருக்கு?"

"சீல் வச்ச கவர்ல வந்திருக்கு டீச்சர். எனக்கும் தெரியாது. சாரையும் கூட்டிட்டு வாங்க."

நீதிபதி என்னைவிட இளையவர். கவரைப் பிரித்து முதலில் அறிக்கையைப் படித்தார். பிறகு சத்தமாகச் சொன்னார். தாக்கல் செய்யப்பட்ட ஒலித்துண்டு உண்மையானது. ஆனால் அது நீளமான ஒரு பதிவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. அந்த முழுப் பதிவும் அதே போனில் அழியாமல் இருக்கிறது. போனில் வைத்து வெட்டும்போது துண்டு தனியாகச் சேமிக்கப்பட்டுவிட்டது, மூலம் வேறு ஒரு இடத்தில் அப்படியே தங்கிவிட்டது.

அண்ணனின் வக்கீல் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அவருக்கே இது தெரியாது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அண்ணன் எழுந்து நின்றான். உட்காரச் சொன்னார்கள்.

முழுவதையும் இங்கேயே இரு தரப்பு முன்னாலும் கேட்டுவிடலாம் என்றார் நீதிபதி. சின்ன ஒலிபெருக்கி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். மின்விசிறிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. விசிறிகளை நிறுத்தச் சொன்னார். சித்திரை வெயில். விசிறி நின்றதும் அந்த அறையில் இருந்த எல்லோரும், வேறு வேறு வழக்குகளுக்காகக் காத்திருந்தவர்கள்கூட, பேச்சை நிறுத்திவிட்டார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர் வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டவுண் வீட்டின் சத்தம் வந்தது. பட்டாசல் என்று நாங்கள் சொல்கிற அந்தக் கூடத்தில் பேசினால் எதிரொலிக்கும், அந்த எதிரொலி. யாரோ பாத்திரங்களை அடுக்குகிறார்கள். அண்ணன் பேசுகிறான்.

"இந்த வீட்டைப் பத்தி நீ என்ன நெனைக்க? இப்பமே பேசிருவமே, எல்லாரும் இருக்கோம்."

"இன்னைக்கா பேசணும்?" இது நான்.

"பேசி வச்சுக்கிட்டா என்ன? உனக்குப் பங்கு வேணுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லு."

"அண்ணே, அப்பா படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடல. இன்னைக்கு வந்து பங்கு கேக்கியே."

"நான் கேக்கல, நீ கேப்பியான்னு கேக்குதேன்."

தம்ளர் வைக்கிற சத்தம். அம்மாவின் இருமல். பிறகு அந்த வாக்கியம். எனக்கு வீடு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. நான் கேக்க மாட்டேன். துண்டு அங்கே முடிந்திருந்தது. ஆனால் நான் முடிக்கவில்லை. மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போயிருக்கிறேன்.

"போதுமா? இன்னைக்கு ஒரு நாள் என்னை அழ விடுவியா? இந்தப் பேச்சை இன்னைக்கு எடுக்காத அண்ணே, உன்னைக் கும்பிடுதேன்."

அழுகைச் சத்தம். என் அழுகை. வெறுங்கால்கள் உள்ளே நடந்து போகிற சத்தம்.

எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அண்ணன் உட்கார்ந்திருந்த இடம், அன்று வாழையிலைக் கட்டு சாய்த்து வைத்திருந்த மூலை, எல்லாம். நான் கொடுக்கவில்லை. அழ விடு என்றுதான் கேட்டிருக்கிறேன். என் வக்கீல் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார். நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அதோடு நின்றிருக்கலாம். பதிவு நிற்கவில்லை.

சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, போனுக்கு மிகவும் பக்கத்தில், தாழ்ந்த குரலில் அம்மா பேசினாள்.

"ஏல, அவ போயிட்டாளா?"

"போயிட்டா."

"பதிவு ஆயிட்டா?"

"ஆயிட்டும்மா."

"பத்திரமா வச்சிக்கோ. அழிச்சிக்கிழிச்சிறாத. அவ நல்லவதான். அவ மாப்பிள்ளையத்தான் நம்ப முடியாது. வாயைத் திறக்காத ஆளு. மனசுக்குள்ள என்ன வச்சிருக்கானோ."

இது என் அம்மாவின் குரல் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வாய் வரை வந்துவிட்டது. அதே நேரம் ஒலிபெருக்கியில் தூரத்திலிருந்து, அடுப்படிப் பக்கத்திலிருந்து, அழுது கரகரத்த என் குரல் கேட்டது.

"அம்மா, காலையில இருந்து ஒண்ணும் குடிக்கலியே. காப்பி போடட்டுமா?"

"போடு தாயி" என்றாள் அம்மா.

பதிவு முடிந்தது.

யாரும் விசிறியைப் போடவில்லை. முன் வரிசைப் பெரியவர், "சவத்த" என்று வெறுப்பாகத் தனக்குள் முனகியது எல்லோருக்கும் கேட்டது. நீதிபதி அவரைக் கண்டிக்கவில்லை. நான் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். கணவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திறக்கிறாரா மூடுகிறாரா என்று தெரியவில்லை. அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். முழுப் பதிவும் அழிந்துவிட்டதாக அவன் நிஜமாகவே நம்பியிருக்கிறான். இல்லாவிட்டால் போனைத் தந்திருக்கமாட்டான்.

வராந்தாவில் வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இதுக்கு மேல நமக்கு என்ன சாட்சி வேணும் டீச்சர்? அவங்க கொண்டுவந்ததே நம்ம பக்கம் நின்னுட்டு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். கையை விட்டுவிட்டு, "வீட்டுக்குப் போங்க" என்றார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கணவர் ஒன்றும் பேசவில்லை. அவர் சுபாவமே அதுதான். அதைத்தான் அம்மா சொல்லியிருக்கிறாள். மார்க்கெட் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். அம்மாவுக்கு வழக்கமாகக் கோழிக்கூடு வாழைப்பழம் வாங்குகிற கடை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒரு சீப்பு எடுத்துக் கனிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குமா?" என்றேன்.

"அவங்களுக்கு வேற பழம் ஒத்துக்கிடாதுல்லா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, அம்மாவின் அறைக்குப் போய் அவள் கண்ணில் தினமும் விடுகிற சொட்டு மருந்தை விட்டார். "தலையைத் தூக்குங்க அத்தை" என்று அவர் சொன்னதும், "மருமகப்பிள்ளை கை பட்டா எரியவே செய்யாது" என்று அம்மா சொன்னதும் கூடத்தில் நின்ற எனக்குக் கேட்டன. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் வெளியே போன பிறகு அம்மாவின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"கோர்ட்டுல முழுசும் போட்டாங்கம்மா."

"எதை?"

"அண்ணன் போன்ல பிடிச்சதை. நான் உள்ள போன பிறகு நீ பேசினது வரைக்கும்."

அம்மா உடனே புரிந்துகொண்டாள். அழுவாள், மறுப்பாள், அண்ணன் சொல்லித்தான் செய்தேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். எதையும் செய்யவில்லை. கண்ணில் விட்ட மருந்து கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, சொன்னேன்" என்றாள்.

"ஏம்மா?"

"அவன்கிட்டதான் நான் இருந்தாகணும். வீடு அவன் கையில இருந்தாத்தான் எனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்துவான். நீ பாதி கேட்டு, அவன் வித்துட்டு எங்கயாவது போயிட்டா என்னை எங்க கொண்டுபோய்ப் போடுவான்? உங்க அப்பா போன மறுநாள்ல இருந்து அந்தப் பயம்தான் எனக்கு."

"நான் இல்லையாம்மா?"

"நீ கட்டிக்குடுத்த பிள்ளை. மருமகன் வீட்டுல போய்க் கிடப்பேன்னு நான் கண்டேனா?" பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள். "அவரும் கேட்டாரா?"

"கேட்டார்."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேஜையில் இருந்த பழத்தை அன்று தொடவில்லை.

அதன் பிறகு பல நாட்கள் எங்கள் வீட்டில் யாரும் இயல்பாகப் பேசவில்லை. பள்ளியில் சக ஆசிரியை ஒருத்தி என் பக்கத்தில் போனை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். சமையலறையில் தனியாக இருக்கும்போதுகூட ஏதாவது சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். கணவரிடம் அம்மா சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு நாள் ஆரம்பித்தேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "அவங்க என்னைப் பத்தித் தெரியாதுன்னுதான சொல்லிருக்காங்க. தெரியாமத்தான இருந்தது அப்போ" என்றார். அவர் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு முறைதான்.

அண்ணனைக் குறுக்கு விசாரணை செய்த அன்று நான் போகவில்லை. வெட்டியது தான்தான் என்று ஒப்புக்கொண்டானாம்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பதிவு உண்மையானது, அதில் இருப்பது வாதியின் குரல்தான், ஆனால் துக்க வீட்டில் அழுதுகொண்டு சொன்ன சொல்லைக் குடும்ப ஏற்பாடு என்று கொள்ள முடியாது, வீட்டின் மீதுள்ள உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அதற்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்று நீதிபதி எழுதியிருந்தார். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சமமாக ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அடுக்குமாடி கட்ட வந்தவர் ஏற்கெனவே விலகிப் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் தீர்ப்பைச் சொன்னேன். "உனக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"எனக்கு எதுக்கு?"

"உனக்கும் உண்டும்மா. அப்பாவோட சொத்து. உனக்கும் எங்களுக்கும் சமம்."

அம்மா வாக்கரைப் பிடித்தபடி நின்றவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கா? கோர்ட்டுல குடுத்தாங்களா?"

"கோர்ட்டு குடுக்கல. அப்பா போன அன்னைக்கே அது உன்னுதுதான்."

அவள் முகத்தைப் போல் ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. நீதிமன்றத்தில் அவள் குரலைக் கேட்டபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என் வீட்டுலயா நான் கஞ்சிக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன்?" என்றாள். "அப்பமே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." அதற்கு மேல் சொல்லவில்லை. அன்றுதான் அம்மா அழுதாள். அப்பா இறந்தபோதுகூட அவள் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கை மட்டும் தானாகவே தடவிக்கொண்டிருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வந்தான். திருச்செந்தூர் போய்விட்டு வந்ததாகச் சொல்லி அம்மாவின் நெற்றியில் பன்னீர் இலை விபூதியைப் பூசினான். மெலிந்திருந்தான். மேல்முறையீடு செய்யவில்லை என்று என் கணவரிடம் சொன்னான். என்னிடம் நேராகச் சொல்லவில்லை.

"பின்கட்டைத் திரும்பக் கட்டப்போறேன்" என்றான். "அம்மா வந்தா நடமாட வசதியா இருக்கும்."

அவன் சட்டைப்பையில் போன் ஒலித்தது. அவன் எடுப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"ஏல, முதல்ல அதை வெளிய வச்சிட்டு வா."

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து போய் வாசல் படியில் வைத்துவிட்டு வந்தான். என் கணவர் பின்னாலேயே போய், "வெயில் அடிக்கி, கெட்டுப்போயிரும்" என்று அதை எடுத்து வந்து செருப்பு ஸ்டாண்டின் மேல் நிழலில் வைத்தார்.

அம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் பேசினாள்.

"பின்கட்டைக் கட்டு. நல்லாக் கட்டு. ஆனா என் பங்கு என் மூச்சு இருக்க மட்டும் என் பேர்லயேதான் இருக்கும். உனக்கும் எழுதித் தர மாட்டேன், இவளுக்கும் தர மாட்டேன். அங்கன வரணும்னா வருவேன், இங்கன இருக்கணும்னா இருப்பேன். கேட்டுக்கிட்டியா?"

"சரிம்மா" என்றான் அண்ணன்.

நானும் சரி என்றேன். கணவர் எழுந்து போய் எல்லோருக்கும் காப்பி கலக்க ஆரம்பித்தார்.